ஏழாம் நம்பர், அப்துல் கையூம்

நான் ஐஸ் தண்ணீர் குடிப்பதில்லை. நேற்று நீங்கள் கொடுத்த பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம். முப்பது வருடமாகத் தொண்டையை வைத்துப் பிழைக்கிறவன். திண்டுக்கல்லில் எந்தக் கடை திறந்தாலும், எந்த ஆட்டோவில் ஆடித் தள்ளுபடி சத்தம் போனாலும், பாதிக்கு மேல் என் குரல்தான். கேட்டவர்கள் கடைப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். சொன்னது யார், ரொனால்டா என்று யாரும் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். அதுவும் நல்லதுதான். பேசினால் ஏற்ற இறக்கம் போட்டுவிடுவேன். இதற்கு அது கூடாது.

நீங்கள் வெளியூர், கையூம் பாயைத் தெரிந்திருக்காது. ரயில்வேக்கும் பிறகு இந்தியாவுக்கும் கூடைப்பந்து ஆடியவர். ஆடி ஓய்ந்து இருபது வருடம் ஆகியும் இங்கே ஏழாம் நம்பர் என்றால் அவர்தான். அவர் ஆடிய காலத்தில் உள்ளூர்ப் போட்டிகளில் நான் மைக் பிடிப்பேன். ஃப்ரீ த்ரோ போட நிற்கும்போது பந்தை மூன்று தடவை தரையில் தட்டிவிட்டு என் மேஜைப் பக்கம் பார்ப்பார். "ஏழாம் நம்பர்... அப்துல் கையூம்" என்று நான் இழுத்துச் சொன்ன பிறகுதான் எறிவார். விழும். ஒரு தடவை கரண்ட் போய் மைக் அணைந்துவிட்டது. பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. அன்றிலிருந்து ரொனால்டுக்கு ராசியான வாய் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். அந்த ஒரு சொல்லை வைத்தே என் காலத்தை ஓட்டினேன்.

போன தை மாதம் மதுரையில் அவருக்கு இதய ஆபரேஷன் நடந்தது. வால்வை மாற்றி வைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்து டாக்டரே மிரண்டுபோனார். குஜிலியம்பாறையிலிருந்து மூக்கையா என்ற சம்சாரி தன் காட்டில் விளைந்த ஒரு மூட்டை நிலக்கடலையோடு வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். எங்கள் தெருவில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், தர்காவில் ஓதினார்கள், வடமதுரையில் ஒருவர் மொட்டை போட்டார். எல்லாருக்கும் தகவல் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தினமும் காலையில் ஒரு நிமிடம் பேசி வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். முதல் நாள் எண்ணூறு பேர் பதில் போட்டார்கள். குவைத்திலிருந்து தப்ரேஸ் என்ற பையன், "ரொனால்டு அண்ணே, ஒங்க கொரலக் கேட்டுட்டுத்தான் வேலைக்கே கெளம்புறேன்" என்றான். அதை எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரைப் பொறுப்பும் எனக்கு வந்தது. அவர் மனைவி நர்கீசுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதே கஷ்டம். மருந்துக்கடையில் நாள்வாரியாக அறை போட்ட டப்பாவில் போட்டுத் தருவார்கள். அதில் ஒரு சின்ன மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க. அது ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்று டாக்டர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார். பாய்க்கு மாத்திரை என்றாலே குமட்டல். ஒரு நாள் சாயங்காலம் விளையாட்டாக, "ஏழாம் நம்பர்... அப்துல் கையூம்" என்றேன். சிரித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கிவிட்டார். அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஆறு மணிக்கு நான் போக வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும், அவர் என் முகத்தைப் பார்த்தபடியே கை நீட்டுவார். உள்ளங்கையில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

இரண்டு மாதத்தில் நன்றாகத் தேறிவிட்டார். பள்ளிவாசலுக்குத் தானே நடந்து போனார் என்று ஒரு நாள் காலையில் சொன்னேன். முப்பத்தொரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதோடு சரி. தப்ரேஸ் அதுகூடப் போடவில்லை. எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

அந்த வாரம் பாய் சொன்னார்: "ஏலே ரொனால்டு, இம்புட்டு நாள் நீ அலைஞ்சது போதும்ப்பா. ரம்ஜான் முடியட்டும், நானே ஒரு வாய்ஸ் போட்டு எல்லாத்துக்கும் நன்றி சொல்லிர்றேன். நீ ஒன் பொழப்பப் பாரு."

அன்பாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் மைக்கைப் பிடுங்கியது போல இருந்தது.

மறுநாள் அந்தச் சின்ன மாத்திரையைக் கொடுக்கவில்லை. பெயரைச் சொன்னேன், மற்ற மூன்றையும் கொடுத்தேன், அதை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை, மேடம். கொஞ்சம் மூச்சு வாங்கும், திரும்ப நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைப்பார்கள், பிறகு சரியாகிவிடும், அதுவரை நான் பேசலாம். அவ்வளவுதான் என் கணக்கு. இடையில் ஒரு ரத்தப் பரிசோதனைத் தேதி வந்தது. நர்கீஸ் கேட்டபோது அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டேன். தேதி எனக்குத்தான் தெரியும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இருபதாம் நாள் சாயங்காலம் பெயரைச் சொன்னேன். கை பாதி வரை வந்து விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. என் பெயரைச் சொல்லத்தான் முயன்றார் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு மாத்திரை ஒழுங்காகப் போனதா என்று கேட்டாராம். நர்கீஸ் சொன்ன பதிலை எனக்குச் சொன்னார்கள். "ரொனால்டு அண்ணே கையாலதான் குடுத்தாக. அதுல தப்பு வராது."

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை, டப்பாவில் போடும்போதே அந்த மாத்திரை விட்டுப்போயிருக்கும் என்றார்கள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும்போதும் கூப்பிட்டார்கள், போனேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது பாயின் தம்பி அப்துல் ஹக்கீம், டப்பாவை யார் வாங்கி வந்தது, சரிபார்த்தது யார் என்று சத்தமாகக் கேட்டார். நர்கீஸ் புருஷன் இறந்தவர்கள் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "நாந்தேன் வாங்குனேன். எனக்குத்தேன் படிக்கத் தெரியாதே. எம்புத்தி கெட்டதால அவுகளக் கொன்னுட்டேன்."

ஏற்ற இறக்கமே இல்லாத குரல். என் வாயில் சோறு இருந்தது. துப்ப முடியாமல் விழுங்கினேன். மறுநாள் காலை இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மைக் பெட்டியில் நீங்கள் எடுத்த பத்தொன்பது மாத்திரைகளும் அவருடையவைதான். ஏன் தூக்கி எறியவில்லை என்று கேட்டீர்கள். அவருடைய பழைய பனியன், கைப்பட்டை, அவர் கையெழுத்துப் போட்ட டிக்கெட் எல்லாமே அந்தப் பெட்டியில்தான் வைத்திருக்கிறேன். அவர் பொருள் எதையும் குப்பையில் போட எனக்கு மனசு வராது.

இந்தத் தாளை நர்கீசிடம் படித்துக் காட்டுங்கள். படிப்பது நான் வேண்டாம், வேறு யாராவதாக இருக்கட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மாத்திரையைவிட இதை எழுதத்தான் கை கூசுகிறது. பாய் இறந்த செய்தியைக் குழுக்களில் சொன்னவனும் நான்தான். நாலாயிரம் பேருக்கு மேல் பதில் போட்டார்கள், தப்ரேஸ் அழுதே பேசியிருந்தான். அந்தச் செய்தியை நான் இரண்டு தடவை பதிவு செய்தேன். முதல் தடவை நிஜமாகவே அழுதுவிட்டேன், வார்த்தை எதுவும் தெளிவாக விழவில்லை. அதை அழித்தேன். வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி பேசினேன். அது நன்றாக வந்திருந்தது.