எட்டாவது ஸ்க்ரூ

இல்ல தம்பி, லேப்டாப்ப சர்வீஸுக்குக் குடுக்க வரல. ஸ்க்ரூ டிரைவர் மட்டும்தான் கேக்கறேன். விலைக்குக் குடுத்தாலும் சரி, ஒரு மணி நேரத்துக்கு இரவலாக் குடுத்தாலும் சரி. வாட்ச்சக் கழட்டி வெச்சிட்டுப் போறேன், நம்பிக்கை இல்லன்னா. நான் ஒண்ணும் ஓடிப் போற ஆள் இல்ல. சேலையூர்தான். கேம்ப் ரோட்ல ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல முப்பது வருஷம் கிளார்க்கா இருந்தேன். ஏசுதாசன்னு கேட்டா அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ரிட்டையர் ஆயி ரெண்டு வருஷம் ஆவுது.

பையா? பையில ஒண்ணும் இல்ல. பைபிள். பெரிய எழுத்து பைபிள், அதான் அவ்ளோ கனமாத் தெரியுது.

இருங்க, எந்த மாதிரி வேணும்னு சொல்லிடறேன். ப்ளஸ் முனை. சின்னது. ரொம்பச் சின்னதும் கூடாது. காலைல ஒம்போது மணிக்கு வூட்ட விட்டுக் கிளம்புனவன் தம்பி நான், இப்ப மணி என்ன, ஒண்ணே முக்காலா? கேம்ப் ரோட்ல ஒரு ஹார்ட்வேர் கடை, அவர் எடுத்துக் குடுத்தாரு பாருங்க ஒண்ணு, அத வெச்சு லாரியக் கழட்டலாம். பக்கத்துல தையல் மெஷின் கடை. அவர்கிட்ட இருக்கறதெல்லாம் பட்டை முனை. கண்ணாடிக் கடைல கேளுங்கன்னு அவர்தான் சொன்னாரு. அங்க இருந்த பொண்ணு நல்ல பொண்ணு, ட்ராயர இழுத்து எல்லாத்தையும் கொட்டிக் காட்டுச்சு. அது மூக்குக் கண்ணாடிக்கு உண்டானது, இதுல வெச்சா உள்ளயே சுத்துது. அப்பறம்தான் ரயில்வே சப்வேல எறங்கி இந்தப் பக்கம் வந்தேன். மார்க்கெட் வாசல்ல ஒரு செல்போன் கடை. அவன்கிட்ட டப்பா நிறைய வெச்சிருக்கான், கண்ணாலயே பாத்தேன். இன்னா சார், பொருளக் கொண்டா, ஆயுதமெல்லாம் தர மாட்டேங்கறான். அதுவும் நியாயம்தான். முடி வெட்டறவர் கத்திய இரவல் குடுப்பாரா?

அவன்தான் உங்க கடையச் சொன்னான். முகிலன்னு போர்டு போட்ருக்கும்னு. நீங்கதான முகிலன்?

நீங்களும் அதையேதான் சொல்றீங்க. பொருளக் கொண்டாங்க, பாத்துத் தரேன்னு. அப்டி இல்ல தம்பி. எங்க வூட்ல ஒரு பழக்கம். எந்தச் சாமானும் ரிப்பேருக்குன்னு வெளிய போனதில்ல. மிக்ஸியா, நான்தான். அயர்ன் பாக்ஸா, நான்தான். ஃபேனுக்கு கண்டென்சர் மாத்தறது, டியூப்லைட், மோட்டாருக்கு வாஷர், எல்லாம் இந்தக் கைதான். அதுக்காக ஏதோ பெரிய டூல் கிட்டெல்லாம் வெச்சிருக்கேன்னு நெனைக்காதீங்க. ஒரே ஒரு டெஸ்டர். கரண்ட் இருக்கா பாக்க அதுதான், ஸ்க்ரூவத் திருக அதுதான், பெயிண்ட் டப்பா மூடியத் தெறக்கவும் அதுதான். எல்லார் வூட்லயும் அப்டித்தான? சிரிக்காதீங்க.

ஆமா. அதேதான். டெஸ்டர வெச்சுதான் திருகுனேன். ப்ளஸ் ஸ்க்ரூவுல பட்டை முனைய விட்டுத் திருகுனா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியும், எனக்கு இப்பதான் தெரியுது. ஏழு வந்துடுச்சு தம்பி. எட்டாவதுதான், மூடி மடங்குற எடத்துல இருக்கே அது, தலை வழுக்கிப் போச்சு. ப்ளஸ்ஸே இல்ல இப்ப, வெறும் பள்ளம். எறும்பு ஊரக் கல்லும் தேயும்பாங்க, நான் அரை மணில தேச்சுட்டேன்.

தண்ணி எல்லாம் ஒண்ணும் கொட்டல. கீழயும் விழல. ஆன் ஆவல, அவ்ளோதான். உள்ள பெருசா ஒண்ணும் இருக்காது, ஒரு வயர் லேசாக் கழண்டிருக்கும்.

எப்டித் தெரியும்னா… ஒரு யூகம்தான்.

என்னுது இல்ல தம்பி, எனக்கு எதுக்கு லேப்டாப்பு? பொண்ணோடது. கெசியா. துரைப்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனில மூணு வருஷமா இருக்கா. இப்ப வடக்க குர்கான்ல ஒரு பெரிய எடத்துல வேலைக்கு இன்டர்வியூ, மூணு ரவுண்டு முடிஞ்சிடுச்சு. கடைசி ரவுண்டு இன்னிக்கு நாலு மணிக்கு. ஆமா, இன்னிக்குத்தான்! அதான் நான் இப்டி ஒத்தக் கால்ல நிக்கறேன். அந்த டெஸ்ட்டு எழுத அவங்க ஒரு சாஃப்ட்வேர் குடுப்பாங்களாம், அத இந்த லேப்டாப்லதான் பதிஞ்சு வெச்சிருக்கா. வேற ஒண்ணுல எழுதணும்னா மறுபடி மொதல்லேர்ந்து போடணுமாம். அதுக்குத்தான் பெருங்களத்தூர்ல அவ ஃப்ரெண்டு ஓவியா வூட்டுக்குப் போயிருக்கா, லேப்டாப் கெடைக்குமான்னு பாக்க.

சனிக்கிழமையே கடைக்கு எடுத்துட்டுப் போறேன்னுதான் சொன்னா. நான்தான் விடல. கடைக்காரன் கைல குடுத்தா ஒண்ணுக்கு ஒம்போது ரிப்பேர் சொல்லுவான், நான் பாக்கறேன்னு சொன்னேன். உங்களச் சொல்லல தம்பி, பொதுவாச் சொன்னேன். அவளும் உடனே, சரிப்பா, நீங்க தொட்டா சரியாயிடும்னு குடுத்துட்டா. ரெண்டாவது வார்த்த பேசல. செத்துப் போன மிக்ஸியையே எழுப்புன ஆளாச்சேன்னு அவங்கம்மாகூட சேந்து கிண்டல் பண்ணிட்டு, கொண்டாந்து என் மடியில வெச்சிட்டுப் போனா.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

சொல்லும்மா… ஆங்… அதுல ஏத்த முடியலியா? ஓ, ஓவியாவோடது ஆபீஸ் லேப்டாப்பா… சரி சரி, அழாத. அழாதம்மா, ரோட்ல நின்னுட்டு. கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டியா?… வேற தேதி கெடையாதாமா… ம்… ஆமா, அப்பா கைலதான் இருக்கு. ஆயிடும். மூணு மணிக்குள்ள ஆயிடும்டா, நீ வூட்டுக்கு வந்து மொகத்தக் கழுவிட்டு ரெடியா இரு. வெச்சிடறேன்.

கேட்டீங்கல்ல.

தம்பி, ஒரு நிமிஷம், அந்த ஸ்டூல கொஞ்சம் இப்டித் தள்ளுங்க. இந்தாங்க. பைபிள் இல்ல. இதுதான். காலைலேர்ந்து கைலயேதான் வெச்சிட்டு அலையறேன். வேதத்தப் பேரச் சொல்லி வேற பொய் சொல்லிட்டேன், இன்னிக்குக் கணக்குல அதுவும் ஒண்ணு. ஏன் மறைச்சேன்னு கேக்காதீங்க. தெறந்து குடுங்க, போதும். தெறந்து குடுத்தா மீதிய நான் பாத்துக்கறேன்.

பாத்து, பாத்து. அந்த மூலதான்.

ரப்பர் பேண்டா? அத எதுக்கு… ஓ, பள்ளத்து மேல ரப்பர வெச்சு, அது மேல முனைய வெச்சு அமுக்கறீங்களா? அட. இது தெரிஞ்சிருந்தா… வரலியா? மறுபடி பண்ணுங்க. இல்ல, நான் அவசரப்படுத்தல. எனக்குத்தான் கால் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. பேசிட்டே இருந்தா பரவால்ல, சும்மா இருந்தா பேஜாரா இருக்கு.

ஸ்க்ரூ டிரைவர் செட்டெல்லாம் நான் பாக்காதவன் இல்ல தம்பி. போன வருஷம் இதே லேப்டாப்பு விசில் மாதிரி சத்தம் போட்டுச்சு. எபின்னு அவகூட வேல பாத்த பையன்கிட்ட ஒரு செட்டு வாங்கிட்டு வந்து அவளே தெறந்து தூசி தட்டினா. அப்பா, டார்ச்ச கொஞ்சம் இப்டிப் புடிங்கன்னா. நான் புடிச்சேன். பல் டாக்டர் மாதிரி உள்ள ஒவ்வொண்ணாத் தொட்டுத் தொட்டுக் காட்டுனா. இது பேட்டரி, இது ஃபேன், இது மெமரி, இது என்னமோ பட்டையா ஒரு வயர். என் பொண்ணுக்கு இவ்ளோ தெரியுதான்னு எனக்கு ஒரே பெருமை. அந்த எபி இப்ப பெங்களூரு போயிட்டான், செட்டும் அவனோட போயிடுச்சு.

எல்லாரும் போறாங்க தம்பி. அதத் தப்புன்னு சொல்லல. எங்க பையன் ஜெர்சன், கனடா போயி நாலு வருஷம். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்ததும் வீடியோல வருவான். பத்து நிமிஷம். என் வைஃப் ஷீலாதான் போனப் புடிச்சுப்பா, எனக்கு அவன் நெத்தி மட்டும்தான் தெரியும். சாப்டீங்களாம்பான், குளுருதாம்பேன். அவ்ளோதான் பேச்சு. போறப்ப ஏர்போர்ட்ல அப்டி அழுதான், இப்ப நெத்தி. இவளும் போயிட்டா வூட்ல நானும் ஷீலாவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு ஒக்காந்திருக்கணும். சாயங்காலம் ஏழு மணிக்கு இவ வாசல் கேட்டத் தெறக்கற சத்தம் ஒண்ணு இருக்கு. அது கேட்டாத்தான் எனக்கு அன்னிக்குப் பொழுது முடிஞ்ச மாதிரி.

நான் போகாதன்னு சொல்லல. ஒரு வார்த்த சொல்லல. போய்ட்டு வாம்மா, கர்த்தர் கூட இருப்பாருன்னுதான் சொன்னேன். நம்ம பசங்கள நாமளே தடுத்தா ஊர் சிரிக்கும். ஷீலா வேற, பொண்ணுக்குப் புது சூட்கேஸ் பாக்கணும்னு இப்பவே ஆரமிச்சிட்டா.

வந்துச்சா? அசையுதா? மெதுவா, மெதுவா… ஆங்.

தோ பாருங்க. இத்துனூண்டு ஸ்க்ரூ. இதுக்கு ஒரு நாள் பூரா.

இன்னிக்குக் காலைல ஜெபத்துல என்ன ஆச்சு தெரியுமா? எங்க வூட்ல தெனமும் ஆறு மணிக்கு குடும்ப ஜெபம். ஒவ்வொருத்தரா பண்ணுவோம், குடும்பத் தலைவர்தான் முடிக்கணும், அதான் வழக்கம். கெசியா இந்த லேப்டாப்பத் தூக்கிட்டு வந்து நடுவுல வெச்சா. அதும் மேல கைய வெச்சுக்கிட்டு கண்ண மூடிட்டா, உடம்பு சரியில்லாத கொழந்த நெத்தில கை வெப்பாங்களே, அப்டி. ஷீலாவும் வெச்சா. அப்பா, நீங்களும் வைங்கன்னா. வெச்சேன். அவங்க ரெண்டு பேரும் முடிச்சிட்டாங்க, என் மொற. வாய்க்குப் பழகிப் போனது தானா வருது. இந்தப் பிள்ளைக்கு விரோதமா எழும்பற சத்துருவோட கிரியைகள நிர்மூலமாக்கும் ஆண்டவரேன்னு சத்தமாச் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் ஆமென்னாங்க. எனக்கு ஆமென் வரல தம்பி. அப்பவே இதத் தூக்கிப் பைல போட்டுட்டேன், ஒம்போது மணி எப்ப ஆவும், கடை எப்பத் தெறக்கும்னு வூட்டு வாசல்லயே நின்னேன்.

மூடியத் தூக்குங்க. நகம் படாம… சரி, உங்களுக்குத் தெரியாததா.

எங்க தேடறீங்க? பேட்டரி இல்ல. போர்டும் போகல. மீட்டரெல்லாம் வெச்சுப் பாக்க வேணாம், டைம் வேஸ்ட். எடது பக்கம் மேல பாருங்க, பவர் பட்டன்லேர்ந்து பட்டையா ஒரு வயர் வருதுல்ல. அதான். சொருகியிருக்கற மாதிரிதான் தெரியும், இழுத்துப் பாருங்க, கைலயே வரும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்தான் கழட்டினேன்.

அவ சர்ச்சுக்கு கொயர் பிராக்டிஸ் போயிருந்தா. ஒரு நாலஞ்சு நாள் ஆன் ஆவலன்னா அந்த வேல தானா கைய விட்டுப் போயிடும், யாரும் யாரையும் தடுத்த மாதிரி இருக்காதுன்னு தோணுச்சு. அவ்ளோதான் தோணுச்சு. திருப்பி மூடறப்ப வாசல் கேட் தெறக்கற சத்தம் கேட்டுது, அவசரத்துல டெஸ்டரப் போட்டு அழுத்தித் திருகிட்டேன், அதான் அந்தத் தலை போச்சு.

என்ன தம்பி அப்டிப் பாக்கறீங்க? நான் என்னைய எப்டிப் பாக்கறேனோ அதுல பாதிதான் அது.

இல்ல இல்ல, நீங்க மாட்டாதீங்க. அந்த இடுக்கிய இப்டிக் குடுங்க. மாட்டறது நானாவே இருக்கட்டும். ரெண்டரை மணிக்குக் கேம்ப் ரோடு பஸ்ஸப் புடிச்சா மூணுக்கு வூட்டுல இருப்பேன்.

டார்ச்ச மட்டும் கொஞ்சம் இப்டிப் புடிங்க.