பற்றாக்குறை மாவட்டம்

நோரீன் டாலிவர் ஊருக்குத் திரும்பி வந்தது செப்டம்பரிலா அக்டோபரிலா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. முதல் பனி விழுந்திருக்கவில்லை, அது நினைவிருக்கிறது. விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் தேதி கேட்கிறீர்கள். தவறாகச் சொல்லிவிடக் கூடாது.

மருத்துவம் படித்து முடித்தபோது எனக்கு மூன்று லட்சத்துப் பத்தாயிரம் டாலர் கடன் இருந்தது. டாக்டர்கள் போக மறுக்கும் மாவட்டத்தில் வேலை செய்தால் அதை நான்கு ஆண்டுகளில் மாநில அரசே அடைக்கும். மாவட்டம் டாக்டர் பற்றாக்குறைப் பட்டியலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாட்டுப் பண்ணைகளும் காற்றும் மட்டுமே உள்ள அந்த இடத்தில் மூவாயிரத்து எண்ணூறு பேருக்கு நான் ஒருவன். இரண்டாவது டாக்டர் வந்தால் பட்டியலிலிருந்து மாவட்டத்தின் பெயர் போய்விடும், கடனை அரசு அடைப்பதும் நின்றுவிடும். எனக்கு அப்போது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பாக்கி.

நோரீன் அந்த ஊர்க்காரர், ஐம்பது வயது டாக்டர். பழைய தீவனக் கடையை வாடகைக்கு எடுத்து, சுவருக்கு அவரே வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க பொழப்பு போச்சு டாக்டர்," என்றாள் என் நர்ஸ் லூவெல்லா. "பாதி ஊரு அவளுக்குச் சொந்தக்காரங்க. மீதி ஊரு அவகூடப் படிச்சது."

நோரீன் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். சூப்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "கூட வேலை செய்யப்போறவன், உனக்குத் தெரிஞ்சிருக்கணும்ப்பா. பன்னெண்டு வருஷம் முன்னாடி நான் குடிகாரி. சிகிச்சை எடுத்தேன். அப்புறம் ஒரு சொட்டு தொடல. இனிமே நீ ஞாயித்துக்கிழமையாவது தூங்கு."

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. இன்றும் பிடிக்கும்.

உங்கள் கையில் இருக்கும் பெயரில்லாக் கடிதம் நான் எழுதியதுதான். காலை நேரத்தில் அவர்மேல் மது வாடை வருவதாக எழுதினேன். விசாரணை முடியும்வரை நோயாளிகளைத் தொடக் கூடாது என்று மருத்துவ வாரியம் உத்தரவிட்டது. அதை அவர் முதலில் காட்டியது என்னிடம்தான். காபி போட்டுக் கொடுத்தேன்.

ஜனவரியில் பனிப்புயல். நான் மாநாட்டுக்காக டென்வர் போயிருந்தேன். டெஸ்ஸா ப்ரூவிட் என்ற பண்ணைக்காரப் பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. சாலை மூடியிருந்ததால் கணவன் ஹாஸ்கெல் அவளை நோரீன் வீட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறான். நோரீன் உத்தரவை மீறினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

திரும்பி வந்து டெஸ்ஸாவைப் பரிசோதித்தேன். அருமையான வேலை. அதையும் வாரியத்துக்கு எழுதினேன், தையல்களின் எண்ணிக்கை உட்பட. இந்த முறை கையெழுத்துடன். நோரீனின் உரிமம் ரத்தானது.

ஹாஸ்கெல் என் சட்டையைப் பிடித்தான். "உசுரக் காப்பாத்துனது குத்தமாடா?"

"சட்டம் அப்படி," என்றேன். அது உண்மைதான்.

மார்ச்சில் ஹாஸ்கெலுக்கே நெஞ்சு வலித்தது. நான் விடுமுறையில் இருந்தேன். ஒரே டாக்டருக்கும் ஓய்வு வேண்டும். அவன் நோரீன் வீட்டுக் கதவைத் தட்டினான். அவர் கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அது வர ஐம்பது நிமிடம்.

"'நான் தொடக் கூடாதுப்பா, தொடக் கூடாது'ன்னு சொல்லிக்கிட்டே நின்னாளாம்," என்று லூவெல்லா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஹாஸ்கெல் அந்த வாசற்படியிலேயே இறந்தான். டெஸ்ஸா பண்ணையை விற்றுவிட்டுக் குழந்தையோடு அக்கா வீட்டில் இருக்கிறாள். லூவெல்லா வேலையை விட்டுவிட்டாள். நோரீன் மறுபடியும் குடிக்கிறார். ஆகவே என் கடிதத்தை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. போன ஜூனில் என் கடன் தீர்ந்தது, நான் ஊரை விட்டு வந்துவிட்டேன். மாவட்டத்தில் இப்போது டாக்டரே இல்லை.

கதவை அவர் திறந்திருக்கலாம். நானாக இருந்தால் திறந்திருப்பேன்.