சேதி தூக்கி ஓடும் புரோட்டீன்

செங்கல்பட்டிலிருந்து கடப்பாக்கம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். ஸ்கேன் உறை அந்த அம்மாளின் மடியில் இருந்தது.

"உன் புரோட்டீன் அடங்கிடுச்சுமே!" என்றார் கணவர்.

"டாக்டரு சொன்னத திரும்பச் சொல்லுய்யா. கட்டி பாதியாயிடுச்சுன்னதுக்கு அப்புறம் எனக்கு ஒண்ணுமே காதுல ஏறல."

"செல்லுக்கு வெளியருந்து சேதி வந்தா, ஒரு புரோட்டீன் அத எடுத்துகினு நடுவுல கீற நியூக்ளியஸுக்கு ஓடுமாம். போய் 'வளரு'ன்னு சொல்லுமாம். உனக்குச் சேதியே வரல. அது பாட்டுக்கு ஓடி ஓடி 'வளரு, வளரு'ன்னு கத்திகினு இருந்துக்கீது. அதான் கட்டி. இப்போ மாத்திரை அத வழியிலயே மடக்கிடுச்சு. மாத்திரைய மட்டும் வுட்றக் கூடாது."

"யாரும் சொல்லாமலே சேதி தூக்கிகினு ஓடுதா? அப்படியே உன் தங்கச்சி மல்லிகா!"

அடக்கப் பார்த்து, முடியாமல், கணவர் வெடித்துச் சிரித்தார். அந்த அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது.

"மெதுவாமே. பஸ்ஸே பாக்குது."

"பாக்கட்டும். போனக் குடு."

அந்த அம்மாளே எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். "மல்லிகா, அண்ணி பேசுறேன். கட்டி பாதியாயிடுச்சுடி! ஏய், நீ ஏன்டி அழுவுற? என் சீக்க யாராண்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கினேனே, அது வாபஸ். போ, குப்பம் பூரா சொல்லு!"

மல்லிகா பெயர் பெயராகக் கூவிக்கொண்டு தெருவில் ஓடுவதுதான் போனில் கேட்டது.