ஐந்தாவது போர்டு

கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் விரலில் சுருக்கென்று ஒரு அடி விழுமே சார், உங்களுக்கும் பட்டிருக்கும். நீங்கள் கையை உதறிவிட்டுப் போய்விடுவீர்கள். காரின் மின்சுற்றுப் போர்டில் இருக்கும் சிப்புக்கு உதறக் கை கிடையாது.

எங்கள் தொழிற்சாலையில் ஸ்டியரிங் மோட்டாருக்கான போர்டு செய்கிறோம். காரின் மற்ற பாகங்களோடு அது இரண்டு கம்பிகள் வழியாகப் பேசும். அந்தக் கம்பிகள் நுழையும் இடத்தில் அந்த மாதிரி அடியைத் தான் வாங்கிக்கொள்ள, அரிசி அளவில் ஒரு டயோடு காவலுக்கு இருக்கும். புது மாடலில் அதை எடுத்துவிட்டார்கள். சோதனைப் பிரிவில் இருக்கும் நான் கூடாது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மேலாளர் என் மணிக்கட்டில் இருந்த, உடம்பில் சேரும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் பட்டையைப் பார்த்தார்.

"வளையல் நல்லாத்தான் இருக்கு. கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்கு ஏன்யா இப்படிப் பயந்து சாகுற?"

மொத்தப் பிரிவும் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

எங்களிடம் ஒரு விதி உண்டு. ஒரே காரணத்தால் ஐந்து போர்டுகள் பழுதாகித் திரும்பினால்தான் எங்கள் குற்றம். நான்கு வரைக்கும், ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதி மூடிவிடுவார்கள்.

ஆகவே ஐந்து போர்டுகளை எடுத்தேன். சோதனைத் துப்பாக்கியால் ஒவ்வொன்றின் கம்பிமுனையிலும் பத்துத் தடவை மின்பொறி பாய்ச்சினேன். அப்படிச் சுட்டதைச் சிவப்பு மை வைத்து உடைத்துவிட வேண்டும். ஏனென்றால் அது அப்போதைக்கு ஒழுங்காக ஓடும். உள்காயம் மெல்லப் பெருகி ஒருநாள் பேச்சு நின்றுவிடும். நான் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினேன். எண்களைக் குறித்துவைத்தேன். வேலையில் நான் சுத்தம்.

நான்கு திரும்பி வந்தன. ஒருவருக்குக் கால் போயிற்று. வருத்தமாகத்தான் இருந்தது. ஐந்தாவது மட்டும் வரவே இல்லை.

அப்போதுதான் அக்கா அந்த மாடலை வாங்கினாள். அம்மா இறந்தபின் என்னை வளர்த்தவள். "நீங்க செஞ்ச வண்டிடா, கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்றாள். அன்று மாலையே போர்டின் மூடியைக் கழற்றி எண்ணைப் பார்த்தேன். ஐந்தாவது. நல்ல போர்டு ஒன்று என் பையிலேயே இருந்தது. அரைமணி நேர வேலை.

மாற்றினால் நான்கோடு நின்றுவிடும். மேலாளர் மறுபடியும் சிரிப்பார். மூடியைத் திருப்பி மாட்டினேன்.

"என்னடா பாத்த?"

"எல்லாம் சரியா இருக்குக்கா. மெதுவாப் போ."

மெதுவாகப் போகச் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழு மாதம் ஓட்டினாள். பாலத்து வளைவில் ஸ்டியரிங் இறுகிக்கொண்டது. பின்சீட்டில் அவள் மகளும் இருந்தாள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவாள் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது டயோடைத் திரும்ப வைத்துவிட்டார்கள். மேலாளரும் பட்டை கட்டிக்கொண்டுதான் உள்ளே வருகிறாராம். யாரும் சிரிப்பதில்லை.

சார், ஒரு நிமிடம். உங்கள் மேசையில் இருப்பது அக்கா காரின் போர்டு. வெறுங்கையால் தொடாதீர்கள், கெட்டுப்போய்விடும்.