லாரியை மறித்த குரல்

இரும்பும் இரைச்சலும் நிறைந்த இந்த அம்பத்தூர் எஸ்டேட்டில் குரலையே கருவியாகக் கொண்டு பிழைத்த கோமகளே! பூந்தமல்லியில் பிறந்து, பாடி வளைவில் பஸ் மாறி, பற்றவைப்புப் புகையையும் பழைய சோற்றையும் பங்கு போட்டு உண்டவரே! டாங்கிப் படையினர் தலையில் மாட்டும் ஹெட்செட் ஒவ்வொன்றிலும் அவர்களுக்கு முன்னே பேசிய முதல் குரலே! பணி நிறைவு காணும் எங்கள் சகாயமேரி அம்மையாரே! வணக்கம்.

பாராட்டு மடலைப் பெறுபவரின் முகம் பார்த்தே படிக்க வேண்டும் என்பது முறை. ஆனால் உங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால், "போதும் உடுப்பா, பிரியாணி ஆறிக்கினு கீது" என்று பாதியில் எழுந்துவிடுவீர்கள். ஆகவே சற்று நேரம் உங்களை அடுத்த வீட்டுக்காரர்போல "அவர்" என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். வானொலி நாடகம் ஓடுகிறது என்று எண்ணி அமைதியாய் அமர்ந்திருங்கள்.

பொய்யாகப் புகழும் பழக்கம் இந்தத் தளத்தில் யாருக்கும் இல்லை. சகாயமேரி நேரத்துக்கு வந்த நாள்கள் குறைவு. குமணன்சாவடி நெரிசல் அவரைச் சும்மா விட்டதில்லை. கோபம் வந்தால் அவர் கையில் இருப்பது பறக்கும். அது டீ கிளாஸாக இருந்தாலும் பறக்கும். ஆயினும் அவர் பேசத் தொடங்கினால் பிரஸ் மெஷின்காரர்கூட மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்.

அவருடைய வேலையே பேசுவதுதான். ஓடும் டாங்கிக்குள் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. மேலே நிற்கும் தலைவன் சொல்வது கீழே ஓட்டுபவன் காதில் விழ ஹெட்செட் ஒன்றே வழி. அதைச் சோதிக்க எங்களிடம் இரண்டு கண்ணாடி அறைகள் உண்டு. ஓர் அறையில் ஒருவர் பேசுவார். அடுத்த அறையில் இன்னொருவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அதன் கம்பியை முறுக்கியும் வளைத்தும் சுண்டியும் கேட்பார். எந்த வளைவிலாவது பேச்சு அறுந்தால் அந்த செட் கழிவு. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், பேசுபவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதுதான் வழக்கமாக இருந்தது. வந்த வாரத்திலேயே அவர், அன்று சூப்பர்வைசராக இருந்து இன்று மேலாளராக இருக்கும் சுப்பராயன் ஐயாவிடம் போய் நின்றார்.

"சார், 'ஒண்ணு, ரெண்டு'ன்னா அடுத்தது 'மூணு'ன்னு கேக்காமயே தெரியும். அப்புறம் இன்னாத்த டெஸ்ட் பண்றது?"

"அப்ப நீ இன்னா பேசுவே?"

"நியூஸ் படிக்கிறேன் சார். ரேடியோவுல படிக்கிற மாதிரி."

அன்று பிறந்தது ஒலிச்சோதனை அறை வானொலி! அலைவரிசை இல்லை, உரிமம் இல்லை, கண்ணாடிச் சுவரைத் தாண்டிக் கோபுரமும் இல்லை. ஆனால் பழைய ரேடியோவைத் திருகியதும் வால்வு சூடேறும்வரை எழும் உறுமலைக்கூடத் தொண்டையாலேயே எழுப்பிவிட்டு, "வணக்கம் நேயர்களே" என்று அவர் தொடங்கும்போது, ஈயம் உருகும் நாற்றத்துக்கு நடுவே எங்களுக்கு வேறொரு காலம் திறந்துகொண்டது. எம்டன் கப்பல் கடலில் நின்று சென்னைமேல் குண்டு போட்டதையும், ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டி ஓடியதையும் அவர் செய்தியாகவே வாசித்தார். மதிய உணவு வேளையில் ஒரு செட்டை ஸ்பீக்கரில் மாட்டி நேயர் விருப்பம் நடத்தினார். "விரும்பிக் கேட்டவர்கள்: பாடியிலிருந்து எல்லம்மா, குமணன்சாவடியிலிருந்து அப்துல் ரசாக்..." என்று தன் பெயர் ஒலிக்கக் கேட்டு, பேக்கிங் பிரிவு எல்லம்மா வெட்கத்தில் சாம்பாரைக் கொட்டிக்கொண்ட நாளை நாங்கள் மறக்கவில்லை.

இந்த வித்தை அவருக்குப் பள்ளியில் வந்ததல்ல. எழுபத்தொன்றாம் ஆண்டுப் போருக்கு அவருடைய தந்தை இன்னாசி டாங்கி ஓட்டப் போயிருந்தார். தெருவுக்கு ஒரே ரேடியோ, அண்டை வீட்டுச் சரசாவிடம், பூத்தையல் போட்ட உறைக்குள் இருந்தது. மாலைச் செய்திக்குத் தெருவே அங்கே கூடும். இன்னாசியின் மனைவி மட்டும் உள்ளே போகாமல், குழந்தை சகாயமேரியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நிற்பார். செய்தி முடிந்ததும், "அத்தினி பேர் சொன்னான், உங்கப்பன் பேரு வரல. நல்லாத்தான் கீறாரு, வா" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு உலை வைக்கப் போவார். டாங்கி ஓட்டுபவனின் பெயரை எந்த ரேடியோவும் சொல்லாது என்பது அந்தத் தாய்க்குக் கடைசிவரை தெரியாது.

இன்னாசி வந்து சேர்ந்தார். அவருடைய டாங்கித் தலைவர் ஹவில்தார் இராமகிருஷ்ணன் வரவில்லை. முன்னேறிப் போகும்போது நடுவயலில் இன்னாசியின் ஹெட்செட் செத்துப்போனது. எதிரே கண்ணிவெடி. நிறுத்தச் சொல்லி ஹவில்தார் கத்தியது கீழே எட்டவில்லை. அவர் மேல்மூடியைத் திறந்து வெளியே இறங்கினார், ஓட்டுபவரின் மூடிமேல் ஸ்பானரால் தட்டினார், டாங்கி நின்றது. மறுபடி உள்ளே ஏறுமுன் அவர்மேல் குண்டு பாய்ந்தது. அந்த ஸ்பானர் ஓசையை இன்னாசி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அதை அவர் மகள் கண்ணாடி அறையிலும் மதிய வேளையிலும் எங்களுக்குச் சொன்னார். நாங்கள் மீண்டும் மீண்டும் விரும்பிக் கேட்டோம். எங்களில் எவரை எழுப்பிக் கேட்டாலும் எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும் அளவுக்குக் கேட்டோம். வினை அங்கேதான் இருந்தது.

சென்ற மழைக்காலத்தில் பெரிய ஆர்டர் ஒன்று அவசரமாக வந்தது. படைக்குப் போக வேண்டிய சரக்கு. நாலைந்து நாள் ஓயாமல் பேசியதில் சகாயமேரியின் தொண்டை கட்டிக்கொண்டது. ஆகவே கடைசி நாளன்று அறை மாறி உட்கார்ந்தார்கள்: அத்தனை ஆண்டும் கேட்டே பழகிய அப்துல் ரசாக் பேசினார், பேசியே பழகிய சகாயமேரி கேட்டார். ரசாக்குக்குத் தெரிந்தது ஹவில்தார் கதை ஒன்றுதான். அதையே சொன்னார். சகாயமேரி கம்பியை முறுக்கினார், வளைத்தார், தலையாட்டினார், செட் தேறியது என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார். வெளியே வந்த ரசாக்கின் கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சுக்க மேரிக்கா. ஹவில்தாரு எறங்குற எடம் வந்தா தொண்ட அடச்சிகிச்சு. அப்படியே நின்ட்டேன். செட்டுதான் அவுட்டுன்னு நெனச்சிருப்பே."

"நின்ட்டியா? ஸ்பானரால தட்டினது வரைக்கும் சுத்தமா கேட்டுச்சேடா."

"நான் அத்த சொல்லவே இல்லக்கா."

அவர் கையில் இருந்த எதுவும் அன்று பறக்கவில்லை. சொல்லாததை அவர் காது கேட்டிருக்கிறது. அவர் காது கேட்டால் ரசாக்கின் காதும் கேட்டிருக்கும். இத்தனை நாள் கம்பி அறுந்த இடத்தையெல்லாம் மனப்பாடம் ஒட்டுப்போட்டு மூடியிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று எந்தக் குற்றத்துக்காகத் தள்ளப்பட்டதோ, அந்தக் குற்றத்தைத் தந்தையின் கதை செய்துகொண்டிருந்தது. வாசலில் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

முட்டி வலிக்காரர் என்று நாங்கள் நம்பியிருந்த அம்மையார் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். கேட்டைத் தாண்டி மூக்கை நீட்டிய லாரிக்கு முன்னால் இரு கையையும் விரித்து நின்றார். தொண்டையில் குரல் இல்லை, காற்றுதான் வந்தது.

"சாவுகிராக்கி! ஊட்ல சொல்லிகினு வந்தியா?" என்றார் லாரிக்காரர்.

"எறக்கு. எல்லாத்தையும் எறக்கு" என்றது அந்தக் காற்று.

மேலாளர் சுப்பராயன் ஐயா குடையோடு ஓடி வந்தார். அவரும் கெட்டவர் அல்லர். மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். சகாயமேரியைத் தனியே அழைத்து நடந்ததைக் கேட்டுவிட்டு, "மேரியம்மா, ரிடையர் ஆவுற நேரத்துல, நீ பண்ண டெஸ்டு செல்லாதுன்னு நீயே சொல்வியா? சரக்குல ஒண்ணும் கெட்டது இல்லன்னு வெச்சிக்க, உன் பேருதான் கெடும். போயி உக்காரும்மா" என்றார்.

"சார், எங்கப்பா வண்டியில இருந்த செட்டையும் எவனோ ஒருத்தன் ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்பியிருப்பான்."

சுப்பராயன் ஐயா குடையை மடக்கினார். மழையில் நனைந்தபடியே லாரிக்காரரிடம் கையைக் காட்டினார். பெட்டிகள் இறங்கின.

மறுசோதனைக்கு என்ன பேசுவது? எவருக்கும் தெரியாதது மட்டுமே பேசப்பட வேண்டும். ஆகவே ஒவ்வொருவராக உள்ளே போய்த் தம் வீட்டுக் கதையை அவிழ்த்தார்கள். எல்லம்மா தம் சம்பந்தி சண்டையைத் தொடங்கி, அது உச்சத்துக்கு ஏறும் நேரம், கம்பியை வளைத்துக்கொண்டிருந்த ரசாக் குதித்து எழுந்தார்: "எல்லம்மாக்கா, அந்தம்மா இன்னா சொல்லிச்சுன்னே காதுல உழல! செட்டு அவுட்டு!" தளமே சிரித்தது. சகாயமேரி சிரிக்கவில்லை. அந்த செட்டின் பச்சை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். அன்றும் மறுநாளும் இன்னும் சில செட்டுகள் அப்படி அகப்பட்டன.

நிர்வாகம் அவருக்கு மாலை போடவில்லை; விளக்கம் கேட்டது. அவர் நடந்ததை நடந்தபடியே சொன்னார். மறுசோதனையால் அந்த ஞாயிறு விடுமுறை எங்கள் எல்லோருக்கும் போயிற்று. சிலர் அவரைத் திட்டவும் செய்தோம். அதன்பின் கண்ணாடி அறைக்கு அவர் ஒரு விதி போட்டார்: ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லலாகாது. விதியைப் போட்டவரே அதை மற்றவரைவிடக் கடுமையாகக் காத்தார். மதிய நேயர் விருப்பத்தில்கூட, எத்தனை பேர் கேட்டும், ஹவில்தார் கதையை அவர் மறுபடி சொல்லவே இல்லை. "வேற கேளுங்க" என்பார். தம் தந்தையிடமிருந்து வந்த ஒரே சொத்தை, முகம் தெரியாத எவனோ ஓட்டப்போகும் டாங்கிக்காகப் பூட்டி வைத்தார். எத்தனையோ போர்களின் கதையை நாங்கள் அவரிடம் கேட்டிருக்கிறோம். ஒரு லாரிக்கு முன்னால் நடந்த இந்தப் போரை மட்டும் எங்கள் கண்ணாலேயே கண்டோம்.

அம்மையாரே! நாடகம் முடிந்தது, மீண்டும் உங்கள் முகம் பார்க்கிறோம். முட்டி வலி தணிந்து, மூச்சுக்கு மூச்சு பேச்சு பெருகி, பேரப்பிள்ளைகள் காது புளிக்கும்வரை, நூறு மழைக்காலம் கண்டு நீங்கள் வாழ வேண்டும்! இனி குமணன்சாவடி நெரிசல் வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளட்டும்!

ஒரே ஒரு விருப்பம் மீதி இருக்கிறது. இந்த மேடையில் ஹெட்செட் இல்லை, கம்பி இல்லை, கேட்டருகே லாரியும் இல்லை. அந்தக் கதையை இன்று ஒருமுறை எங்களுக்குச் சொல்லுங்கள். ஹவில்தார் வெளியே இறங்கும் இடத்தில் உங்கள் தொண்டை அடைத்தால் அப்படியே நின்றுகொள்ளுங்கள். மிச்சம் எங்களுக்குக் கேட்கும். இன்றைக்கு மட்டும் அதில் பிழையில்லை.

விரும்பிக் கேட்பவர்கள்:
பாடியிலிருந்து எல்லம்மா,
குமணன்சாவடியிலிருந்து அப்துல் ரசாக்,
முதன்முறையாகத் தம் பெயரைக் கொடுத்திருக்கும் மேலாளர் சுப்பராயன்,
மற்றும் ஆவடி, முத்தாபுதுப்பேட்டை, பூந்தமல்லி, அம்பத்தூரிலிருந்து
ஒலிச்சோதனை அறை வானொலியின் நேயர்களாகிய ஊழியர்கள் அனைவரும்.