நீளமா ஒரு மணி

பட்டன்லதான் கோளாறு தம்பி, போன்லயே சொன்னேனே. வேற எங்கயும் தேட வேணாம். அந்தா, கட்டில் கம்பியில செவப்பா ஒண்ணு தொங்குது பாருங்க, அதான். மெதுவா வாங்குங்க, அவர் லேசுல குடுக்க மாட்டார். என்னங்க, விடுங்க, கம்பெனியிலருந்து வந்திருக்காரு, பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருவாரு. ம், விட்டாச்சு. முறைக்கிறதப் பாருங்க. வலது பக்கம் முழுசா விழுந்துபோச்சு, பேச்சும் போச்சு, முறைப்பு மட்டும் அப்படியே இருக்கு.

இந்தாங்க, முதல்ல டீயக் குடிங்க. சக்கரை போதுமா? குடிச்சிட்டு டம்ளர அந்த ஸ்டூல்லயே வைங்க, பரவால்ல.

ஆமா, அடிக்கடிதான் அடிக்குது. நான் இல்லேன்னு சொல்லல. அவர் அமுக்குவார், கொஞ்ச நேரத்துல அந்த ஸ்பீக்கர் டப்பாக்குள்ளருந்து உங்க ஆபீஸ் பொண்ணு பேசும். அம்மா, ஐயா நல்லாருக்காரா, விழுந்துட்டாரா, ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமான்னு. நான் ஈரக் கையோட ஓடி வந்து, ஒண்ணுமில்லம்மா, கை பட்டுருச்சும்பேன். எத்தனை தரம்தான் கை படும்? அந்தப் பொண்ணும் மனுஷிதானே, என் பையன்கிட்ட சொல்லிருச்சு.

அதான் தம்பி பயமே. அவன் வேற ஊர்ல இருக்கான். நல்ல பையன், குத்தம் சொல்ல மாட்டேன். இங்க இருக்கிறது எல்லாம் அவன் வாங்கிப் போட்டதுதான். அவர் எந்திரிக்கப் பாத்தா கத்துற மெத்தை விரிப்பு, பாத்ரூம்ல பிடிச்சிக்கக் கம்பி, நேரத்துக்கு மாத்திரைய நீட்டுற டப்பா, ஆள் அசைஞ்சா தானா எரியுற லைட்டு. அப்பாவுக்குன்னு என்னென்ன உண்டோ அத்தனையும் வந்தாச்சு. எனக்கு ஒண்ணும் வாங்கல, நான்தான் நல்லாருக்கேனே.

இப்ப என்னடான்னா, இன்னும் ஒரு தடவ இப்படி மணி அடிச்சா அப்பாவ ஒரு இல்லத்துல சேத்துட்டு உன்ன இங்க கூட்டிட்டு வந்துருவேங்கிறான். கல்யாணம் ஆனதுலருந்து அவர் வேலைக்குப் போற நேரம் தவிர நாங்க பிரிஞ்சு இருந்ததே இல்ல. இந்த வயசுல ஆளுக்கொரு ஊரா? அவரால வேணாம்னு வாய் தெறந்து சொல்லக்கூட முடியாது. பட்டன் கெட்டுப்போச்சு, மாத்தியாச்சுன்னு அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. எனக்கு அது போதும்.

பிரிங்க, பிரிங்க. அவர் கண்ண எடுக்காம பாக்குறாரு பாருங்க, ஸ்க்ரூவ எங்க வெக்கிறீங்கன்னு. லிப்ட் மெக்கானிக் தம்பி அவரு. இவர் கீழ குழிக்குள்ள நிப்பார், கூட்டாளி மேல மோட்டார்கிட்ட நிப்பான். கத்தினா கேக்காது, அதனால மணிதான் பேச்சு. ஒண்ணு அடிச்சா மேல ஏத்து. ரெண்டு அடிச்சா கீழ விடு. நீளமா அடிச்சா நில்லு. என்ன வேலையில இருந்தாலும் கைய எடுத்துட்டு நின்னுரணும், ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. கேட்டுக்கிட்டு நின்னா கீழ இருக்கிறவர் உசுரு போயிரும். வீட்டுலயும் அதே அதிகாரம்தான். நான் எதுக்காவது வரிஞ்சு கட்டிக்கிட்டு சண்டைக்கு வந்தா, வாயாலயே ணங்ங்ங்ன்னு நீளமா ஒரு மணி அடிப்பார். எனக்குச் சிரிப்பு வந்துரும், சண்டை அதோட சரி.

வாழ்நாள் பூரா அடுத்தவங்க பட்டன அமுக்கினா ஓடினவர். இப்ப அவர் அமுக்குறார், நான் ஓடுறேன். ஓஞ்சு போயிட்டேன் தம்பி. குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவெச்சு, துணியத் தொவைச்சு... உக்காந்த எடத்துலயே கண்ணு சொருகுது. அடுக்களைக்குப் போயிட்டு எதுக்கு வந்தேன்னு யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன். உங்களுக்கும் அப்படி வருமா? பாத்தீங்களா, எல்லாருக்கும் வர்றதுதான்.

கட்டிலா? முந்தி ஜன்னல் பக்கம்தான் போட்டிருந்தோம், தெருவ வேடிக்கை பாக்கட்டும்னு. கொஞ்ச நாள் முன்னாடி ஒரே பிடிவாதம். இருக்கிற ஒரு கையக் காட்டிக் காட்டி, அடுக்களைக்கு நேரா திருப்ப வெச்சுட்டார். என்ன சமைக்கிறேன்னு வேவு பாக்கணுமாம், சாப்பாட்டு ராமன்.

அய்யோ, பேச்சுவாக்குல மறந்தே போனேன். வந்த ஆளு வாயக்கூட நனைக்கல. இருங்க, டீ வெச்சிட்டு வந்துர்றேன். அட, வேணாம்னு சொல்லாதீங்க, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.

ம், வெச்சாச்சு. என்ன, மூடிட்டீங்க? கோளாறே இல்லையா? நல்லாப் பாருங்க தம்பி. கை பட்டா லேசா ஒரு தடவைதான் அடிக்குமா. எல்லாத் தடவையும் நீளமா அமுக்கியிருக்காருன்னு உங்க போன்ல காட்டுதா. ம். காட்டும். சரி, அவர் கையில குடுத்துருங்க, குடுக்காம விட மாட்டார். என் பையன்கிட்ட மட்டும் நான் சொன்ன மாதிரி...

பாத்தீங்களா, குடுத்ததும் அடிச்சிட்டார். என்னங்க, விடுங்க, போதும். விட மாட்டேங்கிறாரே.

நீளமா அடிக்கிறார் தம்பி. அடுப்பப் பாத்துதான். நீங்க போய் அணைச்சிருங்க, உங்களுக்குக் கால் வேகம். பாத்திரத்தத் தொடாதீங்க, சுடும்.

அணைச்சாச்சா. பால் மேடையிலயே இருக்கா? வெறும் பாத்திரத்தையா வெச்சேன்? இந்த டம்ளர் யாரோடது? உங்களுதா. எப்ப குடுத்தேன்?

உக்காருங்க தம்பி. பட்டன்ல ஒண்ணும் இல்ல. எனக்கும் தெரியும். அன்னிக்கு ரொட்டி வாங்கப் போனவ தெருமுனையில நின்னுட்டேன், எந்தப் பக்கம் திரும்பணும்னே தெரியல. இதே தெருதான். போனவ வரலன்னு இவர்தான் அமுக்கியிருக்கார். உங்க ஆபீஸ் பொண்ணு பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்குப் போன் போட்டு, அவங்க வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. அதுக்கும் கை பட்டுருச்சுன்னுதான் பையன்கிட்ட சொன்னேன்.

இதோ, டப்பாக்குள்ளருந்து அந்தப் பொண்ணு பேசுது. ஐயா நல்லாருக்காரான்னு கேக்குது. நல்லாருக்கார்னு சொல்லுங்க, அது பொய் இல்லையே. அம்மா எப்படி இருக்காங்கன்னு அது ஒரு நாளும் கேட்டதில்ல.

பேசிட்டு வெச்சிருச்சா. தம்பி, ஒண்ணே ஒண்ணு. இந்த மணி உங்க ஆபீசுக்குப் போகாம, என் கழுத்துல அடிக்கிற மாதிரி எதாவது மாட்ட முடியுமா? அவர் நீளமா அடிச்சா நின்னுருவேன். ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன்.