மொட்டைத் தலையைத் தெரியாத போன்

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகும் பஸ் கிளம்பாமல் நின்றிருந்தது. முன் சீட்டில் நடுவயதுக் கணவனும் மனைவியும். அவர் மொட்டைத் தலையில் சந்தனம் காயவில்லை, மீசையும் போயிருந்தது.

"முடி எடுத்ததும் இந்த போனுக்கு என் மூஞ்சியே தெரியல மே. தொறக்க மாட்டேங்குது. புதுசு ஒண்ணு வாங்கிடலாம்."

"நம்பர் போட்டா தொறக்குது இல்ல? முடி மொளச்சா மூஞ்சி தானா தெரியும்."

"அதுக்குள்ள பையன் கூப்ட்டா?"

"கூப்ட்டா எடுக்கறதுக்கு மூஞ்சி எதுக்குங்க?"

"உனக்குத் தெரியாது. இது பழசாயிடுச்சு. அவன் கூப்ட்டுகினுதான் இருப்பான், இதான் அடிக்க மாட்டேங்குது."

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். கைப்பையிலிருந்து தன் போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினார். கணவர் கையிலிருந்த போனில் முருகன் பாட்டு அலறியது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"நல்லாத்தான் அடிக்குது. பையன் பேசணும்னுதானே வேண்டிகினு மொட்ட போட்டீங்க? அப்புறம் போன் மேல ஏன் பழி போடறீங்க?"

அவர் போனை நிறுத்தவில்லை. பாட்டு தானாக ஓயும்வரை அந்தத் திரையில் மனைவியின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.